மூன்று வேளையா, எட்டு மணி நேரமா? ஆன்டிபயாடிக் கேள்வி பதில்

ஆன்டிபயாடிக் மாத்திரை, சிரப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு மருத்துவரும் ஒரு மருந்தாளுநரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை நேரில் பார்த்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்து வீட்டுக்கு வந்த பிறகு நடப்பவைதான் இங்கே அதிகம்.

கேள்வி: நான்கு நாளாகச் சளி பச்சையாக வருகிறது. போன முறை இப்படி வந்தபோது அஸித்ரோமைசின் 500 மூன்று மாத்திரை போட்டேன், சரியாகிவிட்டது. அதையே மறுபடி போடலாமா?

பதில்: வேண்டாம். பச்சை என்பது பாக்டீரியாவின் நிறம் அல்ல. நோயை எதிர்க்க வரும் வெள்ளணுக்களுக்குள் இரும்புச்சத்துள்ள ஒரு என்சைம் இருக்கிறது, அதன் நிறம்தான் பச்சை. வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாளில் மூக்குச் சளி தடித்து மஞ்சளாகிப் பச்சையாவது வழக்கம். ஜலதோஷம், ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி, நெஞ்சுச் சளி எல்லாமே வைரஸால் வருபவை. அவற்றில் ஆன்டிபயாடிக்குக்கு வேலை இல்லை.

பிறகு போன முறை எப்படிச் சரியானது? ஜலதோஷம் 7 முதல் 10 நாளில் தானே அடங்கும். நான்காம் நாள் மாத்திரையைத் தொடங்கி ஏழாம் நாள் தேறினால், நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கலாம், அதற்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை.

அஸித்ரோமைசினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகும். மூன்று நாள் மாத்திரை போதும் என்பது அதனால்தான். ஆனால் மாத்திரை முடிந்த பிறகும் பல நாட்கள், தொண்டையிலும் குடலிலும் சும்மா இருக்கும் பாக்டீரியாக்கள் அரைகுறை மருந்தில் ஊறிக்கொண்டிருக்கும். அதில் பிழைப்பவை, மருந்துக்கு அசையாத வகைகளே. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஈசிஜியில் ‘க்யூ.டி.’ நீண்டிருப்பதாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் இந்த மருந்து ஆபத்தாகவே ஆகலாம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய அடையாளங்கள் இவை: மூக்கடைப்பும் முகவலியும் 10 நாளுக்கு மேல் குறையாமல் நிற்பது, கொஞ்சம் தேறி மீண்டும் காய்ச்சலோடு திரும்புவது, 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் மூன்று நாளுக்கு மேல் சேர்ந்தே இருப்பது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நாள் எண்ணாமல் உடனே போங்கள்.

கேள்வி: சீட்டில் 1-1-1 என்று இருக்கிறது. காலை 8, மதியம் 1, இரவு 8 என்று சாப்பாட்டு நேரத்தில் போட்டால் போதுமா? சாப்பிடுவதற்கு முன்பா, பின்பா?

பதில்: மூன்று வேளை என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றுதான் மருந்து கணக்குப் போட்டிருக்கிறது. உங்கள் அட்டவணையில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே 5 மணி நேரம், இரவுக்கும் மறுநாள் காலைக்கும் நடுவே 12 மணி நேரம். அமாக்ஸிசிலின் ரத்தத்தில் பாதியாக ஒரு மணி நேரம் அளவே ஆகும். பென்சிலின் குடும்பத்து மருந்துகளுக்கு, எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட, தேவையான அளவுக்கு மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் முக்கியம். 12 மணி நேர இடைவெளியில் பின்பாதி முழுக்கக் கிருமிக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது.

காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7, 3, 11 என்றாலும் சரி. அரை மணி, ஒரு மணி முன்பின் ஆனால் மோசமில்லை, அதற்காக நடுராத்திரி அலாரம் வேண்டாம். இரண்டு வேளை மருந்துக்கு 12 மணி நேரம், ஒரு வேளை மருந்துக்குத் தினமும் ஒரே நேரம்.

சாப்பாட்டு விஷயம் மருந்துக்கு மருந்து மாறும். அமாக்ஸிசிலின் மட்டும் என்றால் எப்போது போட்டாலும் ஒன்றுதான். அதோடு கிளாவுலனேட் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட உட்காரும்போது, முதல் வாய்க்கு முன்பாகவோ சாப்பாட்டின் தொடக்கத்திலோ போட வேண்டும். கிளாவுலனேட் நன்றாக உறிஞ்சப்படும், வயிறும் குறைவாகப் படுத்தும். செஃபுராக்ஸைம் மாத்திரையைச் சாப்பிட்டவுடன் போட வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தத்துக்குப் போய்ச்சேரும் அளவு தெளிவாகக் குறைந்துவிடும். நைட்ரோஃபுராண்டாயின், மெட்ரோனிடசோல் இரண்டும் சாப்பாட்டோடு. கிளாக்ஸாசிலின், ஃபுளூக்ளாக்ஸாசிலின் நேர் எதிர்: சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்போ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடுங்கள். ஆனால் அடுத்த வேளை நெருங்கிவிட்டது, அதாவது இடைவெளியில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது என்றால் விட்டுவிட்டு அடுத்த வேளையில் வழக்கம்போலத் தொடருங்கள். ஈடுகட்ட இரண்டாகப் போடக் கூடாது. மாத்திரை போட்டு அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று போடலாம். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் தேவையில்லை. இடைப்பட்ட நேரமென்றால் மருந்தாளுநரிடம் கேளுங்கள், மருந்தைப் பொறுத்து பதில் மாறும்.

கேள்வி: அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 625 எழுதியிருந்தார்கள். வீட்டில் 375 இருந்தது, இரண்டாகப் போட்டுவிட்டேன். கொஞ்சம் கூடுதல்தானே?

பதில்: எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உள்ளே இருப்பதைப் பிரித்துப் பாருங்கள். 625 என்பது அமாக்ஸிசிலின் 500, கிளாவுலனேட் 125 மி.கி. 375 என்பது 250-ம் 125-ம். இரண்டு 375 போட்டால் அமாக்ஸிசிலின் சரியாக 500 வந்துவிடும், ஆனால் கிளாவுலனேட் 250, இரட்டிப்பு. கிளாவுலனேட் கிருமியைக் கொல்வதற்காகச் சேர்ப்பது அல்ல. அமாக்ஸிசிலினை உடைக்கும் கிருமியின் என்சைமை முடக்குவதுதான் அதன் வேலை. கூட்டினால் பலன் கூடாது, வயிற்றுப்போக்கு கூடும். ஒரு வேளை போட்டுவிட்டதற்காகப் பயப்பட வேண்டாம், சரியான மாத்திரையை வாங்கித் தொடருங்கள். 1000 என்ற மாத்திரையில் 875-ம் 125-ம் இருக்கும். அதைப் பாதியாக உடைத்து 625-க்குப் பதிலாகப் போடுவதும் கணக்குக்கு வராது.

இந்த மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். கிளாவுலனேட் ஈரப்பதத்தில் கெட்டுவிடும். கிழமை வாரியாக அடுக்கும் மாத்திரைப் பெட்டிக்கு இது ஏற்றதல்ல.

கேள்வி: குழந்தைக்குத் தூளாக வரும் ஆன்டிபயாடிக் சிரப்பைக் கலக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. சரியான முறை என்ன? எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: முதலில் பாட்டிலைக் கவிழ்த்து, அடிப்பகுதியை உள்ளங்கையில் நான்கைந்து முறை தட்டித் தூளை உதிரியாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் அடியில் கட்டி தங்கும், முதல் நாள் மருந்து நீர்த்தும் கடைசி நாள் மருந்து கெட்டியாகவும் போகும். கொதித்து முழுக்க ஆறிய தண்ணீரைக் குறியளவில் பாதிக்கு மேல் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கும்வரை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, மிச்சத் தண்ணீரை அம்புக்குறி வரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். நுரையைக் குறியாக நினைத்து நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நுரை இறங்கினால் மட்டமும் இறங்கும், அப்போது மருந்து வேண்டியதைவிடக் கெட்டியாக இருக்கும். சில பாட்டிலோடு அளந்த தண்ணீர்க் குப்பியே வரும். அதை அப்படியே ஊற்றினால் போதும், குறி பார்க்க வேண்டியதில்லை. கலந்த தேதியை லேபிளில் எழுதிவிடுங்கள்.

வைத்திருக்கும் கணக்கு மருந்துக்கு மருந்து வேறு. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் ஃபிரிட்ஜில் 7 நாள்தான். அமாக்ஸிசிலின் மட்டும், செஃபிக்ஸைம் 14 நாள். கிளாரித்ரோமைசினை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, கெட்டியாகிக் கசப்பேறிவிடும். உங்கள் பாட்டிலில் வேறு எண் அச்சாகியிருந்தால் அதுவே சரி. 10 நாள் கோர்ஸுக்கு 7 நாள் தாங்கும் சிரப் என்றால் இரண்டு பாட்டில் வேண்டும். இரண்டாவதை எட்டாம் நாள்தான் கலக்க வேண்டும்.

அடுத்தது அளவு. குழந்தைகள் விஷயத்தில் நாங்கள் மிகவும் அஞ்சுவது இதைத்தான். மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் மி.கி., நீங்கள் கொடுப்பது மி.லி. ஒரு வேளைக்கு 250 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றால் 10 மி.லி. கொடுக்க வேண்டும். 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றால் 5 மி.லி. போதும். முதல் பாட்டில் முடிந்து இரண்டாவது வாங்கும்போது வீரியம் மாறி வந்திருக்கும், அம்மா பழக்கத்தில் அதே 10 மி.லி. கொடுப்பார். பாட்டிலை வாங்கியதும், ‘இதில் எத்தனை மி.லி.?’ என்று கேட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் அந்தக் கோட்டைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு ஸ்பூனால் அளக்காதீர்கள். 3 மி.லி. பிடிப்பதும் உண்டு, 7 மி.லி. பிடிப்பதும் உண்டு.

கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். நேராகத் தொண்டையில் பீய்ச்சினால் புரையேறும். பால் பாட்டிலில் முழுதாகக் கலந்துவிட்டால் குழந்தை பாதியில் விடும்போது எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. ஏழு நாள் எழுதியிருக்கிறார்கள். நல்லாயிருந்தால் நிறுத்தலாம் என்று சிலர், நிறுத்தினால் கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வரும் என்று சிலர். எது சரி?

பதில்: இரண்டிலும் பாதி சரி. நீண்ட நாள் சாப்பிட்டால் எதிர்ப்பு வராது என்ற நம்பிக்கை இன்று நிற்கவில்லை. தேவைக்கு மேல் ஒவ்வொரு நாளும் உங்கள் குடலிலும் தோலிலும் உள்ள மற்ற பாக்டீரியாக்கள் மருந்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், எதிர்ப்பு அங்கேதான் வளர்கிறது. அதனால்தான் பல நோய்களுக்கு நாட்களைச் சுருக்கிவிட்டார்கள். வீட்டிலிருந்தே மருந்து எடுக்கும் நிமோனியா நோயாளி நன்றாகத் தேறினால் 5 நாள் போதும். பெண்களின் சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுராண்டாயின் 5 நாள், ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே ஒரு வேளை.

ஆனால் சுருக்க முடியாத இடங்கள் உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றில் வலி மூன்று நாளில் போய்விடும். பென்சிலின் அல்லது அமாக்ஸிசிலின் 10 நாள் எழுதுவது வலிக்காக அல்ல, பின்னால் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வராமலிருக்க. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் காதுத் தொற்றுக்கும் பெரும்பாலும் 10 நாள். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டருக்கு 14 நாள். இதில் எது உங்களுடையது என்பது காய்ச்சல் விட்டதை வைத்துத் தெரியாது. ஆக, நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘தேறிவிட்டேன், இன்னும் எத்தனை நாள் வேண்டும்?’ என்று எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள். அது நியாயமான கேள்வி, கோபப்படும் மருத்துவர் கோபப்படட்டும்.

மூன்று வேளையை ஒரு வேளையாக்கி மாத்திரையை மிச்சம் பிடிப்பது இதையெல்லாம்விட மோசம். 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதைச் சொல்லி எச்சரித்தார்: கொல்லாத அளவில் பென்சிலின் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும்.

கேள்வி: மருந்து தொடங்கி ஒரு நாள் முழுக்க ஆகியும் காய்ச்சல் குறையவில்லை. வேறு வீரியமான ஆன்டிபயாடிக் கேட்கலாமா?

பதில்: 48 முதல் 72 மணி நேரம் பொறுங்கள், அதற்குள் திசை தெரிய வேண்டும். டைஃபாய்டில் சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் விட நான்கைந்து நாளாகும். மருந்துக்கு அசையாத காய்ச்சலுக்கு, கிருமி எதிர்ப்புதான் காரணம் என்றில்லை. வைரஸாக இருக்கலாம், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம், மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்து விழுங்கியிருக்கலாம். மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது, குளிர்ந்த கை கால், பரவும் சிவப்பு இவற்றில் ஒன்று வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. சுகர், பிரஷர், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், கால்சியம், அசிடிட்டிக்கு ஜெல் எல்லாம் எடுக்கிறார். சிப்ரோஃபிளாக்ஸாசின் எழுதியிருக்கிறார்கள். எதையாவது நிறுத்த வேண்டுமா?

பதில்: முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே கேட்டது நல்லது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கால்சியம், இரும்பு, துத்தநாக மாத்திரை, அலுமினியமோ மெக்னீசியமோ உள்ள அசிடிட்டி ஜெல் இவற்றோடு சிப்ரோஃபிளாக்ஸாசின் வயிற்றிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ரத்தத்துக்குப் போகாது, மலத்தோடு வெளியேறும். மருந்து போட்ட மாதிரியே இருக்கும், போடாததற்குச் சமம். சிப்ரோவை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்பு, அல்லது 6 மணி நேரம் பின்பு போட வேண்டும். அந்த ஒரு வாரம் கால்சியத்தை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டுவிட்டால் தலைவலியே இல்லை. பாலோடு மட்டும் மாத்திரையை விழுங்க வேண்டாம், முழுச் சாப்பாட்டில் பால் சேர்ந்திருந்தால் பரவாயில்லை.

சுகருக்குக் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வீட்டிலேயே தினம் இரண்டு மூன்று முறை பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு.

வார்ஃபரின் எடுப்பவர், எந்த ஆன்டிபயாடிக் தொடங்கினாலும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். மெட்ரோனிடசோலும் கோட்ரைமாக்ஸசோலும் இதில் மிகப் பொல்லாதவை, சிப்ரோவும் உயர்த்தும். ஈறில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத கன்றல் வந்தால் அன்றே தெரிவியுங்கள்.

தசை இறுக்கத்துக்கு டைசானிடின் எடுக்கிறாரா? அதைச் சிப்ரோவோடு சேர்க்கவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலினும் ரத்தத்தில் ஏறிவிடும்.

60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் சிப்ரோ குடும்பம் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைப் பலவீனமாக்கலாம், அறுந்தும் போகலாம். குதிகாலில் வலியோ வீக்கமோ தெரிந்தால் மாத்திரையை நிறுத்தி, நடையைக் குறைத்து, மருத்துவரை அழையுங்கள். எழுதிக் கொடுத்தவரிடம் இந்த முழுப் பட்டியலையும் சொல்லி, ‘இதற்கு வேறு மருந்து பொருந்துமா?’ என்று கேட்பது தவறே இல்லை. அப்பாவின் சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்ற பரிசோதனை முடிவையும் சொல்லுங்கள், பல ஆன்டிபயாடிக்குகளின் அளவு அதைப் பொறுத்தே குறையும்.

இதையொட்டி மற்றவர்களுக்கும் இரண்டு. கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் எடுப்பவர்கள் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போடும் நாட்களில் அதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் தசை சிதையலாம். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்குக் கோட்ரைமாக்ஸசோல் கூடாது.

கேள்வி: டாக்ஸிசைக்ளின் கேப்ஸ்யூல் போட்ட மறுநாளிலிருந்து விழுங்கினாலே நெஞ்சு நடுவில் எரிகிறது.

பதில்: இரவில் இரண்டு மடக்குத் தண்ணீரில் போட்டுப் படுத்துவிட்டீர்களா? கேப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே கரைந்து புண்ணாக்கியிருக்கும். மருந்தை எழுதியவரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார். டாக்ஸிசைக்ளினை உட்கார்ந்தோ நின்றோ ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இரும்பு மாத்திரையும் அசிடிட்டி மருந்தும் இதற்கும் ஆகாது. வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும், முழுக்கைச் சட்டை போடுங்கள்.

கேள்வி: சிறுவயதில் பென்சிலின் போட்டுத் தோலில் தடித்ததாம். அதிலிருந்து எல்லா மருத்துவரிடமும் ‘பென்சிலின் அலர்ஜி’ என்றே சொல்கிறேன். வாழ்நாள் முழுக்க இப்படியேவா?

பதில்: இருக்க வேண்டியதில்லை. இப்படிச் சொல்பவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அலர்ஜி இல்லை என்றே வருகிறது. உண்மையாக இருந்தவர்களுக்கும் வருடங்கள் போகப் போக மங்கிவிடும். சிறுவயதில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பு மருந்தின் கணக்கில் ஏறியிருக்கலாம். மோனோநியூக்ளியோசிஸ் என்ற வைரஸ் தொற்றின்போது அமாக்ஸிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் சிவந்து தடிக்கலாம், அது நிலையான அலர்ஜி அல்ல. அலர்ஜி நிபுணரிடம் சோதித்துக்கொள்வதில் லாபம் உண்டு. இந்த முத்திரை இருக்கும்வரை உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் வேறு குடும்பத்து மருந்துகள், பக்கவிளைவும் அதிகம். ஆனால் வீட்டில் நீங்களே ஒரு மாத்திரை போட்டுச் சோதித்துவிடாதீர்கள்.

இப்போது மருந்து எடுப்பவர்களுக்கு: ஒரு மணி நேரத்துக்குள் அரிப்போடு தடித்து, உதடு வீங்கி, குரல் மாறி, மூச்சு இழுத்தால் அது அவசரம், உடனே ஆம்புலன்ஸ். ஐந்தாறு நாள் கழித்து, காய்ச்சலும் புண்ணும் இல்லாமல் வரும் மெல்லிய சிவப்புத் தடிப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. மருந்தை நிறுத்தி அன்றே காட்டினால் போதும். தோலில் கொப்புளம், தோல் உரிதல், வாயிலும் கண்ணிலும் புண் என்றால் மட்டும் ஒரு வேளைகூடத் தொடரக் கூடாது, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்து, எத்தனையாவது நாள், என்ன வந்தது என்று எழுதி வையுங்கள், படமும் எடுங்கள். ‘ஏதோ மாத்திரை ஒத்துக்கல’ என்பதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது.

கேள்வி: ஆன்டிபயாடிக் போட்டாலே வயிற்றுப்போக்கு. உடனே நிறுத்தும் மாத்திரை போடலாமா? புரோபயாடிக் உதவுமா?

பதில்: நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போனால் தண்ணீர் குடித்துச் சமாளிக்கலாம், மருந்து முடிந்ததும் நின்றுவிடும். குடலின் நல்ல பாக்டீரியாக்களும் அடிபடுவதால் வருவது அது. நாளுக்கு மூன்று முறைக்கு மேல் தண்ணீராகவே போய், வயிறு முறுக்கி, காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்தால் சங்கதி வேறு. நல்லவை ஒழிந்த இடத்தில் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகியிருக்கலாம். கிளிண்டமைசின், சிப்ரோ குடும்பம், செஃபிக்ஸைம் போன்றவற்றுக்குப் பிறகு இது கூடுதல். ஆன்டிபயாடிக் முடிந்து இரண்டு மூன்று மாதம் வரைகூட வரலாம், அதனால் எப்போதோ சாப்பிட்ட மருந்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நிலையில், போக்கை நிறுத்தும் லோபெரமைடு போட்டு அடைத்துவிட்டால் கிருமியின் நஞ்சு உள்ளேயே தங்கும். வீட்டில் உள்ளவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சானிடைசர் இந்தக் கிருமியின் வித்துகளைக் கொல்லாது.

புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா அடங்கிய மருந்து, சிலருக்குச் சாதாரணப் போக்கைக் குறைக்கும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. எடுப்பதானால் மருந்துக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் விடுங்கள். புற்றுநோய் மருந்தில் இருப்பவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கேட்காமல் எடுக்கக் கூடாது. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் முடிந்து சில வாரம் கழித்துக்கூடக் கண் மஞ்சளாகி உடம்பு அரிக்கலாம், கல்லீரலைப் பார்க்க வேண்டிய அறிகுறி அது.

கேள்வி: மெட்ரோனிடசோல் போடும்போது ஒரு பெக் கூடாதா?

பதில்: கூடாது, முடிந்த பிறகும் 3 நாள். டினிடசோலுக்கும் அதுவே. ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்பும் கணக்கில் சேரும். வாயில் உலோகச் சுவை, சிறுநீர் கொஞ்சம் கறுப்பது இரண்டும் மருந்தின் குணம், பயம் வேண்டாம்.

கேள்வி: கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். ஆன்டிபயாடிக் போட்டால் அது வேலை செய்யாது என்கிறார்களே?

பதில்: காசநோய் போன்றவற்றுக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், ரிஃபாபுட்டின் இரண்டும்தான் அப்படிச் செய்யும். அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் செய்யாது. ஆனால் கருத்தடை மாத்திரை போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தாலோ, கடும் வயிற்றுப்போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மாத்திரை தவறியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருந்தாலோ இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பங்கள் பொதுவாகப் பாதுகாப்பானவை. டாக்ஸிசைக்ளினும் சிப்ரோவும் தவிர்க்கப்படும். கோட்ரைமாக்ஸசோல் முதல் மூன்று மாதத்திலும், நைட்ரோஃபுராண்டாயின் பிரசவம் நெருங்கும்போதும் வேண்டாம். பாலூட்டும் அம்மாவுக்கு அமாக்ஸிசிலின் கொடுக்கலாம். குழந்தைக்கு மலம் இளகலாம், வாயில் வெள்ளை படியலாம், அதைக் கவனித்தால் போதும்.

கேள்வி: மாமியாருக்கு 78 வயது. வழக்கமான பரிசோதனையில் சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. அறிக்கையில் எட்டு மருந்துக்கு எதிரே ‘எஸ்’ என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் எண் குறைவாக உள்ளதை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: தொந்தரவு எதுவும் இல்லாதபோது, கொடுக்கவே வேண்டாம். வயதான பெண்களின் சிறுநீரில் பாக்டீரியா சும்மா தங்கியிருப்பது மிகச் சாதாரணம். அதைக் கொல்லப் போனால் அவருக்கு நன்மை இல்லை, அடுத்து வருவது இன்னும் எதிர்ப்புள்ள வகையாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப்பாதையில் ரத்தம் வரக்கூடிய அறுவை சிகிச்சைக்கு முன்பும்தான் அறிகுறி இல்லாமலே சிகிச்சை தருவார்கள்.

அறிக்கையில் ‘எஸ்’ என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ‘ஆர்’ என்றால் அடங்காது. பக்கத்தில் உள்ள எண், கிருமியின் வளர்ச்சியை நிறுத்த அந்த மருந்து எவ்வளவு தேவை என்பதைக் காட்டுவது. அதை ஒரு மருந்தோடு இன்னொரு மருந்துக்கு ஒப்பிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கோடு வேறு, 16 என்பது ஒன்றுக்கு நல்ல எண்ணாகவும் 1 என்பது இன்னொன்றுக்கு மோசமான எண்ணாகவும் இருக்கும்.

பிறகு எப்போதாவது எரிச்சலோ காய்ச்சலோ வந்தால், மாத்திரை தொடங்குவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுங்கள். ஒரு வேளை போட்டுவிட்டால்கூடக் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். கழுவித் துடைத்துவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியில் வைத்தால் அதிலிருக்கும் நாலு கிருமி பெருகி, இல்லாத நோயை அறிக்கையில் காட்டும்.